நாக்கில் ஒட்டிய எலும்பு

கையில் கிடைத்தது எலும்பா, வெறும் கல்லா என்று சந்தேகம் வந்தால் அதை நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வெறும் கல் என்றால் நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும். எலும்பு என்றால் அதிலுள்ள நுண்ணிய துவாரங்கள் ஈரத்தை உறிஞ்ச, நாக்கைப் பிடித்துக்கொள்ளும். கல்லாகிப்போன உயிர்ச்சுவடு தேடுகிற ஆட்கள் எல்லா நாட்டிலும் செய்கிற வேலைதான். ஆனால் வன்னியில் இருந்துகொண்டு, மண்ணுக்குள் கிடந்த எலும்பை யோசிக்காமல் வாயில் வைக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். மற்றவர்களுக்கு அந்தளவுக்குப் புத்தி கெடவில்லை.

இரண்டு பேரில் ஒருவன் நான். மாங்குளத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். பிறவிப் பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பயந்தபடியால்தான் இன்றைக்கு இருந்து எழுதுகிறேன். கிளிநொச்சிக்கு அங்கால் ஒரு தோட்டக் கிணற்றில் பம்பு இறக்கப் போனபோது, வெட்டி எறிந்திருந்த சுண்ணாம்புக் கல்லில் முழுச் சிப்பி ஒன்று பதிந்திருக்கக் கண்டேன். கடல் அங்கிருந்து எவ்வளவோ தூரம். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். "அரிசியில கல்லுப் பாக்கச் சொன்னாக் கண் தெரியாது, ஊரெல்லாம் போய்க் கல்லுப் பாக்கிறார்" என்று என் மனைவி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவாள்.

மற்றவர் வவுனியாவில் பல் கட்டிக் கொடுக்கிற அண்ணை. பொக்கைவாய் ஆட்களுக்கு அளவெடுத்துப் பல் செற் செய்வது அவர் தொழில். சுறாப் பல் ஒன்று கிடைத்தால் அது மேல்வாய்ப் பல்லா கீழ்வாய்ப் பல்லா என்று சொல்லாமல் விடமாட்டார். எங்கே சுண்ணாம்புக் கல் இருக்கிறது, எங்கே கிடங்கு வெட்டுகிறார்கள் என்று விசாரித்து இடம் தீர்மானிக்கிறவர் அவர். பழைய வான் ஒன்றும் அவரிடம் இருக்கிறது. முழுநிலவு விடுமுறையான போயா நாள்களில் கடைகளைப் பூட்டிவிட்டுப் புறப்படுவோம்.

பிறகு மூன்றாவதாக ஒருத்தி சேர்ந்தாள். விசுவமடுவில் தையற்கடை வைத்திருக்கிறவள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. எனக்குச் சொந்தம் இல்லை, ஆனால் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். எடுத்த கற்களைப் போட்டு வைக்கச் சின்னச் சின்னச் சீலைப் பைகள் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். என்னத்துக்கு என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், "கிண்டிப் பாக்க விடுவினமோ?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டு போனால் விடுவார்கள் என்றேன். அடுத்தமுறை தானும் வருவதாகச் சொன்னாள்.

அவளுடைய கடைச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. சண்டை முடிந்த வருஷம் காணாமல்போன அவளுடைய தம்பி. இறந்தான் என்று யாரும் சொல்லாதபடியால் படத்துக்கு மாலை இல்லை. இருக்கிறான் என்றும் யாரும் சொல்லாதபடியால் அதைக் கழற்றவும் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு படம் இல்லாத வீட்டைத் தேடவேண்டும். அதைப் பற்றிக் கேட்கிற வழக்கமும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

எங்களோடு வந்தாலும் அவளுடைய வேலை வேறு மாதிரி. சுத்தியலும் உளியும் கொண்டு கல்லில் தட்டமாட்டாள். பெக்கோ இயந்திரம் அள்ளிக் கொட்டிய மண்கும்பிகளில்தான் குந்தியிருப்பாள். கல் உடைக்கக் கையில் பலம் காணாது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். நாக்கில் வைக்கிற வேலைக்கும் வரமாட்டாள். "எனக்கு அரியண்டம் அண்ணை" என்பாள். ஆனால் கண்டெடுத்தவர்தான் முதலில் நாக்கு வைக்கவேண்டும் என்பது எங்கள் சட்டம். அதனால் அவள் கண்டெடுத்ததை எல்லாம் அவளுக்குப் பதிலாக நான் நக்கிப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

நான் சொல்ல வருகிற போயாவுக்கு நாங்கள் போனது பூநகரிப் பக்கம் ஒரு கல்லுக்கிடங்கு. வேலை இல்லாத நாள். வாசலில் இருந்த காவல்காரர் எங்கள் தோற்றத்தைப் பார்த்து, இதுகளால் ஒரு கேடும் வராது என்று நினைத்திருப்பார் போல. "தண்ணிப் பக்கம் மட்டும் போகாதேங்கோ" என்று சொல்லி விட்டார். உள்ளே நுழைந்ததும் எனக்கு வழக்கமான பயம் தொடங்கியது. கண்ணிவெடி எல்லாம் அகற்றிவிட்டார்கள் என்று எத்தனை பலகை நட்டாலும், புல் முளைத்த நிலத்தில் கால் வைக்க என்னால் ஏலாது. டிப்பர் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு, அண்ணைக்குப் பின்னால்தான் நடப்பேன். முன்னால் போகிறவருக்கு வயது கூட, அவர் ஆண்டு அனுபவித்தவர் என்று மனதுக்குள் நியாயமும் சொல்லிக்கொள்வேன்.

கிடங்கு ஆழமாக இருந்தது. அடியில் பச்சைத் தண்ணீர். கரை நீளத்துக்குச் செம்மண்ணும் உடைந்த கல்லும் கலந்து கும்பி கும்பியாகக் கொட்டிக் கிடந்தன. தங்கச்சி போனவுடனேயே ஒரு கும்பியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணை கல்லுச் சுவரோடு மினக்கெட்டார். எனக்கு அந்த ஆழத்தைப் பார்க்கத் தலை சுற்றியது. அதனால் நானும் கும்பிப் பக்கம் வந்து, அவளுக்குக் கொஞ்சம் தள்ளிக் குந்தினேன்.

அங்கேதான் அது கையில் பட்டது. கட்டைவிரல் தடிப்பு, ஒரு சாண் நீளம் இருக்காது, மெல்லிய வளைவு. முறிந்த முனை இரண்டிலும் செம்மண் இறுகிப் பிடித்திருந்தது. எலும்பு என்று கண்டதும் எனக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. இத்தனை காலமும் சிப்பி, நத்தை, சுறாப் பல் என்று பொறுக்கினோமே தவிர எலும்பு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. காற்சட்டையில் துடைத்தேன். நாக்கில் வைத்தேன். ஒட்டியது.

"அண்ணை, ஒட்டுது. ஓடி வாங்கோ" என்று கூப்பிட்டேன்.

முதலில் எழும்பி வந்தது தங்கச்சி. என் கையைப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் எங்கே போனதோ தெரியாது. "வாயில வைச்சனீங்களோ?" என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் எந்த ஊரில், எந்த மண்ணில் இருந்து எடுத்த எலும்பை நாக்கில் வைத்திருக்கிறேன் என்று.

 கும்பிக்குப் பின்னால் ஓடிப்போய், கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் வாயில் ஊற்றி ஊற்றித் துப்பினேன். நாக்கைச் சட்டையால் தேய்த்தேன். அந்த ருசி போகவில்லை. உண்மையில் அதற்கு மண் ருசியைத் தவிர வேறு ருசி இருக்கவில்லை, ஆனால் போகவில்லை.

திரும்பி வந்தபோது எலும்பு தங்கச்சியின் கையில் இருந்தது. பக்கத்தில் அண்ணை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஒட்டினால் கல்லாகிய எலும்புதானே, பயப்பட ஒன்றும் இல்லைத்தானே என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"மண்ணுக்க பத்துப் பதினைஞ்சு வருஷம் கிடந்த எலும்பும் ஒட்டும். நாக்குக்கு அது தெரியாது."

"அப்ப இது என்ன அண்ணை?"

"பல்லெண்டாச் சொல்லுவன். இது எனக்குத் தெரியாது. ஏதும் மிருகத்தின்ர விலாவா இருக்கலாம்."  தன்னை அறியாமல் தன் கழுத்தடியைத் தடவிப் பார்த்தார். "காறை எலும்பாயும் இருக்கலாம்."

நானும் என் காறை எலும்பைத் தடவிப் பார்த்தேன். அதே தடிப்பு. அதே வளைவு. கையை உடனே எடுத்துவிட்டேன்.

கல்லுச் சுவரில் பதிந்து கிடந்திருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. கல்லுக்குள் இருப்பது எல்லாம் மனிதன் தோன்ற முன்னம் கடலுக்குள் செத்தது. ஆனால் இது கும்பியில் கிடந்தது. பெக்கோ மேல்மண்ணையும் அடிக்கல்லையும் ஒன்றாக அள்ளிக் கொட்டியிருந்தது. கல்லில் இருந்து வந்ததென்றால் நினைக்க முடியாத பழசு. மேல்மண்ணில் இருந்து வந்ததென்றால், அது எங்களுடைய காலம். நாங்கள் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்த காலம்.

அண்ணை பையில் இருந்து பல் அச்சுச் சாந்தை அறுக்கிற சின்ன வாளை எடுத்தார். அந்தக் காலக் கடலில் வாழ்ந்த கடற்பசுவின் எலும்பென்றால் உள்ளுக்குக் கட்டியாக இருக்கும் என்று ஒரு புத்தகத்தில் படித்ததாகவும், மனித எலும்பு உள்ளே பஞ்சு போல இருக்கும் என்றும் சொன்னார். ஒரு முனையில் துளி வெட்டிப் பார்த்தால் போதும்.

தங்கச்சி எலும்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வாளை வைக்க விடமாட்டன்" என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் அண்ணை வாளைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார்.

"அப்ப பொலிசுக்குச் சொல்லவேணும் பிள்ளை" என்றார். "மனிசன்ர எண்டு சந்தேகம் வந்தாச் சொல்லத்தான் வேணும். அதுதான் முறை."

"ஓம் அண்ணை. சொல்லத்தான் வேணும். ஆனா அவை வந்தா நாடா கட்டிப்போடுவினம். பிறகு நான் கிட்டவும் போகேலாது. கொஞ்சம் பொறுங்கோ. ஒருக்காப் பாத்திட்டு விடுறன்."

இந்தக் கதை காவல்காரரின் காதில் விழுந்துவிட்டது. வந்து எலும்பைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் இரண்டடி பின்னால் போனார். "எடுத்த இடத்திலேயே வைச்சு மூடிப்போட்டுப் போங்கோ" என்றார். "நான் ஒண்டும் காணேல்லை. கிடங்கை மூடினா என்ர வேலை போயிடும்." அவர் சொன்னது எனக்கு மிகவும் நல்ல யோசனையாகத் தெரிந்தது. பொலிஸ் வரும், நீதிமன்றத்துக்குக் கூப்பிடுவார்கள், முதலில் கண்டது யார் என்று கேட்பார்கள், கண்டு என்ன செய்தாய் என்று கேட்பார்கள். நாக்கில் வைத்தேன் ஐயா என்று நான் எந்த வாயால் சொல்லுவேன்? கடையைத் திறந்து நாலு பம்பைக் கழற்றிப் பூட்டியிருந்தால் இந்த வில்லங்கம் வந்திருக்குமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தங்கச்சி யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எலும்பைத் தான் தைத்த சீலைப் பை ஒன்றின் மேல் பக்குவமாக வைத்தாள். நான் எடுத்த இடத்தில் முழங்காலில் இருந்து கையால் மண்ணை விலக்கத் தொடங்கினாள். மண்வெட்டி பக்கத்திலேயே கிடந்தது. அதைத் தொடவில்லை.

"தங்கச்சி, தம்பி இந்தப் பக்கமே நிண்டவர்?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்கிறோம் என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"ஆருக்குத் தெரியும் அண்ணை. பூநகரிப் பக்கம் கண்டதெண்டும் ஒரு கதை இருக்கு" என்றாள். கை நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கும்பியைப் பார்க்கிறதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. அவள் ஒவ்வொரு பிடி மண்ணை எடுத்தபோதும் அடுத்ததாக என்ன வரப்போகிறதோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். துணி வரக்கூடாது. பொத்தான் வரக்கூடாது. பல் வரக்கூடாது, பல் வந்தால் அண்ணைக்குத் தெரிந்துவிடும், அவர் பொய் சொல்லப் பழகாதவர். எனக்குத் தெரிந்த கோயில்கள் எல்லாவற்றுக்கும் நேர்த்தி வைத்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. காவல்காரர் தூரத்தில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கறுப்பாக ஒன்று தெரிந்தது. றப்பர். வளைந்த பட்டி. தங்கச்சியின் கை நின்றது. அண்ணை, "செருப்பு வாரோ?" என்று கேட்டார்.   நான் என்னை அறியாமல் குனிந்து அதைப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. உள்ளே பின்னிய கம்பி. வெட்டிய வாயில் எண்ணெய். பெக்கோ இயந்திரத்தின் எண்ணெய்க் குழாய். நாள் முழுதும் நான் கையில் பிடிக்கிற சாமான். 

"பெக்கோவின்ர" என்றேன். "செருப்பில்லை. பெக்கோவின்ர."

அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் கையை மண்ணுக்குள் விட்டாள். பிறகு நானும் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். தைரியம் வந்து இருக்கவில்லை. நின்றுகொண்டு பார்ப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

கல்லைக் கண்டது அவள்தான். கும்பியின் அடியில், இரண்டு பேர் பிடித்தால் தூக்கக்கூடிய சுண்ணாம்புக் கல். மேல்பக்கம் செம்மண் அப்பியிருந்தது. உள்ளங்கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, கல்லுக்குள் பாதி புதைந்தபடி வளைந்த எலும்பு ஒன்று தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் ஒரே பக்கம் வளைந்து ஒழுங்காகக் கிடந்தன. நடு எலும்புக்கு மேலே ஒரு சிப்பி ஒட்டி, சிப்பியும் எலும்பும் சுற்றியிருந்த மண்ணும் ஒரே கல்லாய் இறுகியிருந்தன. கல்லின் ஓரத்தில் ஒன்று முறிந்து போன இடம் இருந்தது.

அண்ணை சீலைப் பையில் கிடந்த எலும்பை எடுத்து மற்றவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே தடிப்பு, அதே வளைவு, அதே மங்கல் நிறம். கண்ணாடியைக் கழற்றினார். "கடற்பசு" என்றார். "மன்னார்க் கடலில இப்பவும் இருக்கே, அதின்ர பழைய பரம்பரை. மனிசன் இல்லை பிள்ளை. மனிசரே இல்லாத காலத்தது."

எனக்கு வந்த ஆறுதலை எப்படிச் சொல்வது. நிலத்தில் பொத்தென்று இருந்து சிரித்தேன். சிரிப்பு அழுகை மாதிரித்தான் வந்தது. நாக்கில் இருந்த ருசி அந்தக் கணமே போய்விட்டது. காவல்காரரைப் பார்த்துக் கையைக் காட்டி, "மாடு, கடல் மாடு" என்று கத்தினேன். அவரும் விளங்கியோ விளங்காமலோ இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். எங்கள் வாழ்க்கையில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய உயிர்ச்சுவடு அது. அதைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் தங்கச்சியைக் கவனித்தேன். கல்லுக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நகக்கண் எல்லாம் செம்மண். அவள் சிரிக்கவில்லை.

"நல்லாப் பயந்திட்டீங்கள் என்ன?" என்று கேட்டேன். ஆறுதலாகத்தான் கேட்டேன்.

"இல்லை அண்ணை" என்றாள். "பயப்படேல்லை. சந்தோசப்பட்டனான்."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

"கிடைச்சிட்டான் எண்டு நினைச்சன். அம்மாட்டப் போய்ச் சொல்லலாம் எண்டு நினைச்சன். ஒரு கிரியையாவது செய்து போடலாம் எண்டு." கையில் இருந்த மண்ணைத் தட்டினாள். "அதுக்குத்தானே அண்ணை உங்களோட வாறனான். தம்பியைத் தேடுறன் எண்டு போனா ஒரு காணியையும் கிண்ட விடாயினம். கல்லுப் பொறுக்கிறன் எண்டா விடுகினம்."

அவள் ஏன் கல்லுச் சுவர்ப் பக்கம் வந்ததே இல்லை, ஏன் மண்கும்பிகளிலேயே குந்தியிருந்தாள் என்பதெல்லாம் அப்போது எனக்குப் புரிந்தது. எலும்போ என்று அவள் கொண்டுவந்த ஒவ்வொரு கல்லுத்துண்டுக்கும், ஓட்டுத்துண்டுக்கும் நான் நாக்கு வைத்து "கல்லுத்தான்" என்று சிரித்துக்கொண்டு சொன்னபோதெல்லாம் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. அவற்றில் ஒன்று கல்லாக இல்லாமல் இருந்திருந்தால் என்று எனக்கு வேறு விதமான பயம் பிடித்தது. அது இன்னும் விடவில்லை.

கல்லை மூன்று பேருமாக வானில் ஏற்றினோம். காவல்காரர் கை கொடுத்தார். பரந்தனைத் தாண்டினோம். தங்கச்சி பின் இருக்கையில் கல்லுக்குப் பக்கத்தில், அது உருளாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

அண்ணை வானின் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் அவளைப் பார்த்தார். எத்தனையோ போயாவாக எங்கே சுண்ணாம்புக் கல் இருக்கிறது என்று மட்டும் விசாரித்து இடம் பிடித்த மனிதர், ஒருநாளும் கேட்காததைக் கேட்டார்.

"பிள்ளை, தம்பி கடைசியா எங்க நிண்டவர்?"

அவள் கல்லைத் தன் பக்கம் இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "முல்லைத்தீவுக் கரைப் பக்கம் எண்டுதான் கனபேர் சொல்லுறவை" என்றாள். ஒரு பனங்கூடலையும், அதற்குப் பக்கத்தில் இடிந்த கிணறு ஒன்றையும் சொன்னாள். இடம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தனியே போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

அந்தக் கரை எனக்குத் தெரியும். வெறும் மணல். எவ்வளவு கிண்டினாலும் ஒரு துண்டுச் சுண்ணாம்புக் கல் வராது. அது அண்ணைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"எலும்பு வந்தா நாங்கள் தொடுறேல்லை பிள்ளை. முறையாச் சொல்லுவம். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கோ. நாங்களும் நிப்பம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அடுத்த போயாவுக்கு அங்க போவம். கல்லுப் பாக்க. என்ன, வாறீர்தானே?"

அந்த மணலில் பிடித்துக்கொண்டு நடக்க டிப்பர் தடம் ஒன்றும் இல்லை. "ஓம்" என்றேன்.